மொரிஸ் மைனருக்குச் சரியான வாட்டர் பம்ப் எது?

வாசகர் கேள்வி: எனது தந்தையார் 1959ஆம் ஆண்டு வாங்கிய மொரிஸ் மைனர் 1000 கார் நீண்ட காலம் கொட்டிலில் நின்றது. இப்போது அதை மீண்டும் ஓடவைக்க முயல்கிறேன். பழைய வாட்டர் பம்பின் அடியில் தண்ணீர் ஒழுகியதால், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் பெயரைச் சொல்லிப் புதிய பம்ப் ஒன்றை வாங்குவித்தேன். பெட்டியில் 'மினி - மைனர்' என்று எழுதியிருந்தது. நான்கு போல்ட்டும் பொருந்துகின்றன. ஆனால் இறுக்கியதும் விசிறி சுற்ற மறுக்கிறது. கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் தாளான கஸ்கட்டை இரண்டாக வைத்தால் சுற்றுகிறது, ஆனால் கசிகிறது. பழைய பம்பின் மேற்புறத்தில் இருந்த சிறு குழாய்வாய் புதியதில் இல்லை. பம்பின் உள்ளே சுழலும் இதழ்ச் சக்கரமான இம்பெலரைக் கடைச்சல் பட்டறையில் கொடுத்துச் சற்றுச் சீவினால் சரி என்கிறார் மெக்கானிக். ஜப்பான் கார் ஒன்றின் பம்பையோ மின்சாரப் பம்பையோ பூட்டலாம் என்கிறார் இன்னொருவர். இலண்டனில் இருக்கும் மைத்துனர் அங்கிருந்து அனுப்பி வைக்கத் தயார். அவரிடம் எதைக் கேட்பது? 1980களில் எஞ்சின் ஒரு தடவை மாற்றப்பட்டது என்று அம்மா சொன்ன ஞாபகமும் இருக்கிறது.
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், பருத்தித்துறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாங்கள் வாங்கிய பம்ப் தங்கள் எஞ்சினுக்கு உரியதன்று. அதைச் சீவவும் வேண்டாம், இரண்டாவது கஸ்கட் வைத்து ஒப்பேற்றவும் வேண்டாம். கஸ்கட் பசையைத் துடைத்து, பெட்டியிலிட்டு, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இலண்டனுக்குச் சொல்வதற்கு முன்னர் தங்கள் காரின் முன்னால் ஒரு மணி நேரம் குனிந்து நின்று சில விடயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைச் செய்யாமல் எங்கிருந்து வரவழைத்தாலும் இதே கதை இன்னொரு தடவை நடக்கும்.

பெட்டியில் எழுதியிருந்தது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. மைனர் 1000இன் எஞ்சின், ஒஸ்ரின் நிறுவனம் தனது ஏ30 காருக்காக 1951இல் கொண்டுவந்த 'ஏ சீரீஸ்' வகையைச் சேர்ந்தது. மொரிஸும் ஒஸ்ரினும் 1952இல் ஒன்றாக இணைந்த பிறகு மைனருக்கும் அந்த எஞ்சினே வந்தது. முதலில் 803 சிசி, 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி. பின்னர் மினி வந்தது. அந்த மினியின் கடைசிக் கார் 2000ஆம் ஆண்டில் தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோதும் அதற்குள் இருந்தது இதே குடும்பத்து எஞ்சின்தான், 1275 சிசி அளவில். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்த ஓர் எஞ்சினில், பம்பைப் பூட்டும் நான்கு போல்ட்டுகளின் இடம் பெரிதாக மாறவில்லை. ஆனால் பம்பின் உள்ளே சுழலும் இம்பெலரின் பருமன், அது போய் உட்காரும் புளொக்கின் (எஞ்சினின் பிரதான உடலின்) பள்ளம், மேலே இருந்த குழாய்வாய், பம்பின் அச்சு நுனியில் விசிறி பூட்டும் ஹப்பின் உயரம் ஆகியவை மாறிக்கொண்டே வந்தன. பெரிய இம்பெலர் கொண்ட பிற்காலப் பம்பை ஆரம்பகாலச் சிறு புளொக்கில் வைத்து இறுக்கினால், இம்பெலரின் இதழ்கள் பள்ளத்தின் சுவரிலோ அடியிலோ முட்டி நின்றுவிடும். தங்கள் விசிறி சுற்ற மறுத்ததற்குக் காரணம் இதுவே. புதிய பம்பைக் கழற்றி இதழ்களின் ஓரத்தைப் பாருங்கள். எங்காவது ஓரிடத்தில் மினுமினுப்பான உரசல் கோடு தெரியும்.

இனி, சீவுவது பற்றி. இதில் நான் பெரிய மனிதனாக நடிக்க முடியாது. எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வடக்கே வராத 1990களில், மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலத்தில், நானும் எத்தனையோ இம்பெலர்களைச் சீவிப் பூட்டியவன்தான். அன்று வேறு வழி இருக்கவில்லை. அந்தக் கார்கள் ஓடின. ஆனால் சந்தியில் நின்று எஞ்சின் மெதுவாகச் சுற்றும் நேரத்தில் வெப்பமானியின் ஊசி மேலே ஏறும். இதழுக்கும் பள்ளத்துக்கும் இடையே வெளி கூடினால், தள்ளப்பட வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு இதழின் மேலாக வழுகித் திரும்பிவிடுகிறது. வேகமாகச் சுற்றும்போது அது தெரியாது, மெதுவாகச் சுற்றும்போதுதான் தெரியும். இரண்டு கஸ்கட் வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மைனரில், மின்சாரம் தரும் டைனமோவின் முன்பக்கக் காது பம்பின் உடலில் இருக்கும் ஒரு காதில்தான் பூட்டப்படுகிறது; பின்பக்கக் காது புளொக்கில். பம்பை அரை மில்லிமீற்றர் முன்னே தள்ளினால் டைனமோவின் இரு காதுகளும் ஒரே கோட்டில் நில்லாமல் இழுபடும், இறுக்கும்போது அலுமினியக் காது வெடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவுதான் சீவினாலும் இல்லாத குழாய்வாய் முளைத்துவிடப் போவதில்லை.

அந்தச் சிறு குழாய்வாயை மெக்கானிக் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். ஆசிரியரான தங்களுக்கு அதன் பௌதிகவியல் எளிது. சூடேறியதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாது. அப்போது பம்ப் தள்ளும் தண்ணீர் புளொக்கிலும் அதன் மேல் பூட்டப்பட்ட ஹெட்டிலும் சுற்றிவிட்டுத் திரும்பிப் பம்புக்கு வருவதற்கு ஒரு குறுக்குவழி வேண்டும். ஹெட்டின் அடியிலிருந்து பம்பின் தலைக்கு வரும் அந்த இரண்டு அங்குல நீள ரப்பர் குழாய்தான் அந்த வழி. அது இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், ஹெட்டின் ஒரு மூலை கொதிக்க மற்ற மூலை குளிர்ந்திருக்கும். பிற்கால மினிகளில் இந்த வழி இல்லாமலே தயாரித்தார்கள். ஆனால் அதற்கு ஏற்ற ஹெட்டும் அவற்றில் இருந்தது. தங்கள் ஹெட்டில் வாய் திறந்திருக்கிறது, பம்பில் இல்லை. ஹெட்டின் வாயை அடைத்து, தெர்மோஸ்டாட்டின் தட்டில் மூன்று மில்லிமீற்றர் அளவில் இரண்டு மூன்று துளை போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். வழியில் பழுதடைந்த காரை வீடு கொண்டு சேர்க்க அது உதவும். பழைய காரைப் பழையபடி ஆக்க முனைபவருக்கு அது எதற்கு?

இப்போது எஞ்சின் விடயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அம்மா சொன்ன அந்த ஒரு வரிதான். காரின் பதிவுப் புத்தகத்தில் 1959 என்று இருப்பது காரின் வயது. பம்புக்குக் காரின் வயது தேவையில்லை, எஞ்சினின் வயதுதான் தேவை. சாரதி ஆசனத்துப் பக்கமாக, அதாவது வலப்புறத்தில், டைனமோவுக்கு மேலே புளொக்கில் ஒரு சிறு தகடு அறையப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, சாய்வாக டோர்ச் வெளிச்சம் அடித்துப் படியுங்கள். எழுத்துகள் '9எம்' என்று தொடங்கினால் அது 948 சிசி மைனர் எஞ்சின், 1959ஆம் ஆண்டுக் காருக்கு உரியது. '10எம்ஏ' என்றால் பின்னர் வந்த 1098. 'ஏபிஎச்எம்' என்றால் அதற்கும் முந்திய 803. வேறு எழுத்துகளில் தொடங்கினால், அல்லது தகடே இல்லாமல் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தால், எஞ்சின் வேறெங்கிருந்தோ வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது: எப்படியும் ஹெட்டைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் சிலிண்டரின் விட்டத்தை அளந்து பாருங்கள். 803க்கு 58 மில்லிமீற்றர், 948க்கு 62.9, 1098க்கு 64.6. தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து ரீபோர் பண்ணியிருந்தால் ஒரு மில்லிமீற்றருக்கு மேலும் கூடியிருக்கக்கூடும். 803 தனியாகத் தெரிந்துவிடும். மற்ற இரண்டையும் பிரித்தறியப் பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை ஓடும் தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 948இல் அது 76.2, 1098இல் 83.7.

948க்கும் 1098க்கும் இன்று பிரித்தானியாவில் பெரும்பாலும் ஒரே பம்பைத்தான் விற்கிறார்கள். ஆகவே இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால் தங்கள் வேலை இலகு. 803 என்றால் அதைத் தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும். இதற்கும் முந்திய, 1948இல் வந்த முதல் மைனரில் 918 சிசி சைட் வால்வ் எஞ்சின் இருந்தது. அதற்கு வழக்கமாக வாட்டர் பம்பே கிடையாது. சூடான நீர் தானாக மேலே ஏற, குளிர்ந்தது கீழே இறங்க, மேற்காவுகை ஒன்றையே நம்பி ஓடிய எஞ்சின் அது. 'மைனர் பம்ப்' என்று கேட்டு அந்தக் கார்க்காரர் ஒருவர் பல கடை ஏறி இறங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். தாங்கள் வகுப்பில் கற்பித்த பாடம் ஒரு காரையே ஓட்டியிருக்கிறது.

பெயரால் வரும் குழப்பத்துக்கு எங்கள் ஊரில் இன்னொரு நல்ல உதாரணம் 'ஏ ஃபோர்ட்டி'. யாரேனும் தங்களிடம் "ஏ ஃபோர்ட்டி பம்ப் மைனருக்குச் சரி" என்று சொன்னால், எந்த ஏ ஃபோர்ட்டி என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் வாடகைக் காராக ஓடிப் பெயர் வாங்கிய உருண்டையான சமர்செற் ஒரு ஏ ஃபோர்ட்டி. அதன் 1200 சிசி எஞ்சின் முற்றிலும் வேறு வகை, அதன் பம்புக்கும் மைனருக்கும் எந்த உறவும் இல்லை. 1958இல் வந்த பெட்டி வடிவான பரீனாவும் ஏ ஃபோர்ட்டிதான். அதற்குள் இருப்பது 948, பின்னர் 1098 ஏ சீரீஸ். இரண்டையும் அறிந்தவர் சொன்னது உண்மையாக இருக்கலாம், ஒன்றை மட்டும் அறிந்தவர் சொன்னது தங்கள் பணத்துக்குக் கேடு.

பெட்டியில் உள்ள பெயரை விட்டால் பழைய பம்பையே மாதிரியாக எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பொதுவாக அது நல்ல யோசனை. ஆனால் எங்கள் பகுதிக் கார்களில் நான் அதையும் முழுதாக நம்புவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் காரைநகரிலிருந்து ஒரு மைனர் வந்தது. பழைய பம்பைக் கழற்றி, ஹப்பின் உயரத்தை அளந்து, அதே அளவில் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டினேன். இரண்டு வாரத்தில் ஃபான் பெல்ட் ஓரம் கிழிந்து தும்பாகிவிட்டது. கப்பிகளின் மேல் நேரான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தபோது பம்பின் கப்பி நான்கு மில்லிமீற்றர் முன்னே நின்றது. இல்லாத காலத்தில் யாரோ ஒருவர் வேறு தடிப்பான கப்பி ஒன்றுக்காக அந்த ஹப்பைக் கடைந்து முன்னே தள்ளியிருக்கிறார். பிறகு வந்த யாரோ கப்பியை மட்டும் மாற்றிவிட்டார். நான் மிகக் கவனமாக அளந்தது இன்னொருவரின் தற்காலிக ஏற்பாட்டை. அன்றிலிருந்து பழைய பம்பையும் அளப்பேன், புளொக்கையும் அளப்பேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் புளொக் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஆகவே வேணியர் இடுக்கிமானியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகூடத்தில் ஆயிரம் தடவை பிடித்த கை, அதனால் விளக்கம் வேண்டாம். புளொக்கின் பள்ளத்தில் படிந்திருக்கும் துருவையும் சுண்ணாம்புப் படிவையும் முதலில் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தின் விட்டத்தையும், கஸ்கட் உட்காரும் முகத்திலிருந்து அதன் ஆழத்தையும் அளவுங்கள். பழைய பம்பில் இம்பெலரின் விட்டம், கஸ்கட் முகத்துக்கு அப்பால் இதழ்கள் எவ்வளவு நீட்டி நிற்கின்றன என்பது, கஸ்கட் முகத்திலிருந்து விசிறி பூட்டும் ஹப்பின் முகம் வரையான தூரம், ஹப்பில் உள்ள நான்கு துளைகளுக்கு இடையேயான தூரம் ஆகியவற்றைக் குறியுங்கள். டைனமோக் காதின் தடிப்பையும் மறக்க வேண்டாம். ரேடியேற்றரின் கீழ்க்குழாய் வந்து சேரும் வாயின் வெளிவிட்டமும் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் வேண்டும். இதற்குக் கைத்தொலைபேசியில் நேர் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு படம் எடுத்தால் போதும். மேற்புறக் குழாய்வாய் உள்ளது என்பதை மைத்துனருக்கு எழுதும்போது முதல் வரியிலேயே எழுதுங்கள். எஞ்சின் தகட்டின் எண், இந்த அளவுகள், படங்கள் ஆகிய மூன்றையும் அவர் மைனர் உதிரிப்பாகங்களை மட்டுமே விற்கும் கடையொன்றுக்கு அனுப்பினால் அவர்கள் பிழை விடுவது அரிது. அங்கே அத்தகைய கடைகள் இன்றும் உள்ளன. பத்து இலட்சத்துக்கும் மேல் விற்ற முதலாவது பிரித்தானியக் கார் அது, ஆகவே அதற்கென்றே வாழ்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கார்களுக்கும் எல்லாம் விற்கும் இணையக் கடைகளில் 'மினி - மைனர்' பெட்டிதான் மீண்டும் வரும்.

பம்ப் வந்து சேர்ந்ததும் உடனே பூட்டிவிட வேண்டாம். கோதுமை மாவைச் சற்று இறுக்கமாகக் குழைத்து, சிறு உருண்டைகளாக இம்பெலரின் இரண்டு மூன்று இதழ்களின் நுனியிலும் ஓரத்திலும் ஒட்டுங்கள். புளொக்கின் பள்ளத்தில் சிறிது எண்ணெய் தடவி, உலர்ந்த கஸ்கட் ஒன்றை மட்டும் வைத்து, பம்பைப் பூட்டி நான்கு போல்ட்டையும் அளவாக இறுக்கிவிட்டு, ஹப்பைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கழற்றிப் பாருங்கள். நசுங்கிய மாவைச் சவர அலகால் குறுக்காக வெட்டினால் அதன் தடிப்புத்தான் இதழுக்கும் புளொக்குக்கும் இடையேயுள்ள வெளி. எங்கும் ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் எனக்குத் திருப்தி. எங்காவது மா முழுவதாக அழிந்து உலோகம் தெரிந்தால் அந்தப் பம்ப் திரும்பிப் போக வேண்டியது. புதுப் பம்பில் பசை பூசாமல் இந்தச் சோதனையைச் செய்தால் கடைக்காரரும் மறுப்புச் சொல்ல மாட்டார்.

ஆனால் மைத்துனருக்கு எழுதுவதற்கு முன்னர் இன்னொரு வழியையும் யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், உண்மையில் நான் முதலில் விரும்புவதும் அதையே. தங்களிடம் உள்ள பழைய பம்ப், மேலே சொன்ன அளவுகளில் புளொக்கோடு ஒத்துவந்தால், அதையே புதுப்பிக்கலாம். அடியில் உள்ள சிறு துளையால் தண்ணீர் வந்தது என்பது உள்ளேயுள்ள சீல் தேய்ந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு; பம்பின் உடல் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அந்தத் துளையை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அரால்டைற் பசை வைத்து அடைத்த ஒரு பம்ப் என்னிடம் வந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் போய், பேரிங் உடைந்து, விசிறி ரேடியேற்றருக்குள் பாய்ந்திருந்தது. ஒரு சீலின் விலையில் முடிந்திருக்க வேண்டியது ரேடியேற்றரில் போய் நின்றது.

புதுப்பிக்கும் வேலையை நல்ல கடைச்சல் பட்டறை ஒன்று செய்யும். அருகில் நின்று பார்க்கத் தங்களுக்கும் பிடிக்கும். ஹப்பைப் புல்லர் போட்டு இழுத்தெடுத்த பிறகு, உடலின் மேற்பகுதியில் ஒரு சிறு துளை தெரியும். அதற்குள் பேரிங்கைப் பிடித்துவைத்திருக்கும் கம்பி ஒன்று இருக்கும். அதைக் கூர்மூக்குக் குறடால் பிடித்து இழுத்து எடுத்துவிட்டுத்தான் அச்சைத் தட்ட வேண்டும். அவசரக்காரர்கள் கம்பி இருப்பது தெரியாமல் பிரஸில் வைத்து அமுக்கி உடலைப் பிளந்துவிடுவார்கள். பட்டறையில் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். பேரிங் பெரும்பாலும் அச்சோடு சேர்ந்த ஒரே துண்டாக இருக்கும். வாட்டர் பம்புகளுக்கு வழக்கமாக வரும் வெளிவிட்டம் 30 மில்லிமீற்றர், அச்சு ஏறக்குறைய 16 மில்லிமீற்றர் என்னும் அளவில் தங்களுடையதும் அமைந்திருந்தால் பேரிங் கடைகளிலேயே அது கிடைக்கும். நீளத்தை மட்டும் அளந்து கேளுங்கள். பழைய பேரிங்கில் எண்ணெய்த் துளை இருந்தால், புதியதைப் பூட்டும்போது அந்தத் துளை உடலின் துளையோடு நேராக நிற்க வேண்டும். சீல் உரசும் முகம் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்க வேண்டும்; நகத்தால் வருடும்போது வட்டமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அந்த முகத்தைக் கடைந்து தேய்த்துச் சமப்படுத்தாமல் புதுச் சீல் போடுவது வீண். கடைசியாக இம்பெலரை அமுக்கும்போது அதற்கும் பம்பின் உடலுக்கும் இடையே 0.5 முதல் 0.75 மில்லிமீற்றர் வெளி விட வேண்டும். பழைய கைநூல்களில் இது 20 முதல் 30 'தவ்' என்றிருக்கும், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 20 முதல் 30 பங்கு. இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை இடையில் வைத்துக்கொண்டே அமுக்கச் சொல்லுங்கள். உடலில் காது வெடித்திருந்தால், அல்லது கஸ்கட் முகம் துரு தின்று குழி விழுந்திருந்தால் மட்டுமே புதிய பம்பைத் தேட வேண்டும்.

ஜப்பான் பம்ப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அதைப் பூட்ட ஒரு இடைத்தகடு செய்ய வேண்டும், டைனமோவுக்கு வேறு தாங்கி செய்ய வேண்டும், குழாய் திசை மாறும். முடிவில் அந்தப் பம்ப் கெடும்போது அடுத்தவருக்கு அது எந்தக் காரின் பம்ப் என்றே தெரியாது. மின்சாரப் பம்ப் வேறு வகையில் பொருந்தாது. தங்கள் காரின் டைனமோ, லூக்காஸ் சீ39 ஆக இருந்தால் 19 அம்பியர், சீ40 ஆக இருந்தால் 22 அம்பியர் தரக்கூடியது, அதுவும் நல்ல வேகத்தில் சுற்றும்போது. இரவில் முன்விளக்குகளைப் போட்டால் அதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். மேலும் மைனரில் பொசிற்றிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கிறது. அதை அறியாமல் இக்காலப் பம்பின் வயர்களைக் கொடுத்தால் ஒன்றில் அது எதிர்த்திசையில் சுற்றும், அல்லது அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி எரியும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. ஹெட்டுக்கும் பம்புக்கும் இடையிலான அந்தச் சிறு ரப்பர் குழாயைப் பம்ப் வெளியே இருக்கும்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். பழையது நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டால் மூன்று மாதத்தில் அது வெடிக்கும், ஒரு சிறு பொருளுக்காக ரேடியேற்றரையும் பம்பையும் மறுபடி கழற்ற நேரும். மடிப்புகள் கொண்ட வகையை வாங்கி, இரண்டு கிளிப்புகளையும் தளர்வாக அதில் கோத்து, கிளிப்பின் திருகு கைக்கு எட்டும் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்து, சோப்புத் தண்ணீர் தடவி, பம்பின் வாயில் முதலில் ஏற்றுங்கள். பிறகு பம்பை மேலே தூக்கியவாறே ஹெட்டின் வாய்க்குள் செருக வேண்டும். இந்த ஒரு வேலைக்கு இன்னொரு சோடிக் கை தேவைப்படும். பம்பைப் பிடிக்கும் போல்ட்டுகள் 5/16 அங்குலத்தவை; 8 மில்லிமீற்றர் போல்ட் கையால் இரண்டு சுற்றுப் போகும், அதனால் அது சரியென்று தோன்றும், சாவி போட்டு இறுக்கியதும் புளொக்கின் மரை போய்விடும். எந்தத் துளையிலிருந்து எந்த நீளப் போல்ட் வந்தது என்பதை ஒரு அட்டைத் துண்டில் படம் கீறி அதிலேயே குத்திவைத்துக்கொள்ளுங்கள். ஃபான் பெல்ட்டை நீண்ட பக்கத்தின் நடுவில் விரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்கினால் போதும். வயலின் தந்தி போல இறுக்கினால் முதலில் கெடுவது புதிய பேரிங்தான். ரேடியேற்றர் மூடி 7 இறாத்தல் அழுத்தத்துக்குரியதாக இருக்கட்டும். இக்காலக் கார்களின் 13 இறாத்தல் மூடி அகப்பட்டது என்று போட்டால் அறுபது வயதுக் குழாய்கள் தாங்கா.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் எங்கள் பகுதியில் உண்டு. அது வேண்டாம். எங்கள் வெயிலுக்கு 74 பாகை செல்சியஸில் திறப்பது ஒன்றை வாங்கி, கேத்தில் தண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

தண்ணீர் விடயத்தில் மட்டும் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள். எங்கள் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறியது. பருத்தித்துறைக் கரையோரத்தில் அதில் சவரும் சேர்ந்திருக்கும். அதை விட்டு ஓட்டினால் முன்பு கேத்திலின் அடியில் கண்டதை இனிப் புளொக்கிற்குள் காண்பீர்கள், அந்தச் சுண்ணத் துகள்களே சீலின் முகத்தை அரம் போல அராவிவிடும். கார் நீண்ட காலம் நின்றபடியால் புளொக்கின் பின்பகுதியில் சேறு கட்டாயம் படிந்திருக்கும். அங்கே இருக்கும் வடிகுழாயைக் கழற்றினால் பெரும்பாலும் ஒரு துளி கூட வராது. கம்பியால் கிளறினால் செந்நிறக் குழம்பாக வரும். தெளிந்த நீர் வரும்வரை குழாய்நீரை அடித்துக் கழுவிவிட்டு, கடைசி நிரப்பலுக்குக் கூலன்ற்றோடு பற்றரிக்கு விடும் வடித்த நீரைக் கலந்து ஊற்றுங்கள். மழைநீர் சேமித்து வைத்திருந்தால் அதை வடிகட்டி விடுவதும் கிணற்று நீரை விட மேல்.

முதல் ஓட்டத்தின்போது பம்பின் அடித்துளையில் சில துளிகள் தென்பட்டால் பதற வேண்டாம். புதுச் சீலின் கரிமுகம் தன் இடத்தில் படிவதற்குச் சிறிது நேரம் எடுக்கும். ஐம்பது மைல் ஓடிய பிறகும் நிற்கும் இடத்தில் தரை நனைந்தால், பம்பைக் கழற்றாமல் முதலில் அந்தச் சிறு ரப்பர் குழாயின் கீழ்க் கிளிப்பைப் பாருங்கள். அங்கிருந்து வழியும் நீர் பம்பின் உடல்வழியே இறங்கி அதே துளையடியில்தான் சொட்டும். என்னையே அது இரண்டு தடவை ஏமாற்றியிருக்கிறது. எஞ்சின் தகட்டில் உள்ள எழுத்துகளையும் பள்ளத்தின் ஆழத்தையும் அடுத்த கடிதத்தில் எழுதினால், மைத்துனருக்கு அனுப்ப வேண்டிய குறிப்பை நானே தயாரித்துத் தருகிறேன்.